குண்டுமல்லி பூக்கவில்லையா? கத்தரிக்கோலை எடுங்கள்

செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது, பூவைத்தான் காணோம். வீட்டில் குண்டுமல்லி வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. பெரும்பாலும் வெயில் போதாமல் இருக்கும், இல்லையென்றால் கவாத்தே, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதே, செய்திருக்க மாட்டார்கள். மல்லியின் அரும்பு புதுத் துளிரின் நுனியில்தான் கட்டும். பழைய கொடியை அப்படியே விட்டால் இலைதான் மிஞ்சும்.

முதலில் இடம். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். சுவர் நிழலில் வைத்த மல்லிக்கு எந்த உரம் போட்டும் பயனில்லை. தரையில் நடுவதென்றால் ஓரடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, 10 கிலோ மட்கிய தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். செடிக்குச் செடி நாலடி இடைவெளி வேண்டும். தொட்டி என்றால் 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய சாணம் போதும். நாற்று வாங்கும்போது ஒற்றைக் குச்சியாக உயர்ந்ததை விட்டுவிட்டு, அடியிலேயே கிளைத்த குட்டைச் செடியை எடுங்கள். நடுவதற்கு ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்ற காலம்.

இனி கவாத்து. நவம்பர் கடைசி வாரம்தான் இதற்கு நேரம். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த செடியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், கூர்மையான கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டவேண்டும். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக வெட்டினால் மழைநீர் வெட்டுவாயில் தங்காது. காய்ந்தவை, நோய் கண்டவை, உள்பக்கமாகப் பின்னிக்கொண்டவை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். மொட்டையாக நிற்கும் செடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மார்ச்சில் பூ தொடங்க இந்த வெட்டுதான் வழிசெய்கிறது. சீசன் நடுவிலும் ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் நுனிகளை நாலு விரற்கடை கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று சீக்கிரம் வரும்.

உரத்தில் பலர் தவறுவது யூரியாவில். அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் கொடி ஓடும், அரும்பு குறையும். தரையில் உள்ள வளர்ந்த செடிக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் எனக் கவாத்து முடிந்ததும் ஒருமுறை, ஜூன், ஜூலையில் ஒருமுறை வைக்கலாம். தண்டை ஒட்டிக் கொட்டாமல் சுற்றிலும் தூவி மண்ணில் கொத்திவிட்டு உடனே நீர் பாய்ச்சுங்கள். தொட்டிக்கு இந்த அளவு ஆகவே ஆகாது, வேர் கருகிவிடும். மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரமும், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் போதுமானது.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது சகஜம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளித்தால் புதிய தளிர் பச்சையாக வரும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்து இலை மஞ்சளானால் வேர் அழுகுகிறது. நீரை நிறுத்தி வடிகால் துளையைச் சரிபாருங்கள்.

மொட்டு ஊதா நிறமாகி, பக்கத்து மொட்டுகளோடு நூலாம்படையால் ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் சின்னத் துளையும் தெரிந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. அந்தக் கொத்தைக் கிள்ளி அழித்துவிடுங்கள். செடியடியில் போட்டால் மறுபடி வரும். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒருமுறை மாலையில் அடியுங்கள்.

பறிப்பது விடியற்காலையில். பச்சை மாறி, பால்வெள்ளையாகத் திரண்ட, இன்னும் வாய் திறக்காத மொட்டுதான் அன்று மாலை மலரும். காம்போடு கிள்ளி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பொழுது சாயும்போது வீடு முழுக்க மணக்கும்.