ஏர் இன்டேக் மாற்றிய காரும் தண்ணீரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியில் வாங்கிய ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகிற ஃபில்டரும் பைப்பும்) போட்ட பிறகு பலர் மழைக்குப் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது ரோட்டில் தேங்கி நிற்கிற தண்ணீருக்கு. சாரலில் ஃபில்டர் கொஞ்சம் நனைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இன்ஜின் இழுக்கிற காற்றிலேயே காய்ந்துவிடும். ஃபில்டர் மூழ்கினால்தான் வினை, ஏனென்றால் காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 4 சிலிண்டர், 2 லிட்டர் இன்ஜின், கம்ப்ரஷன் 10:1 (அதாவது உள்ளே உள்ள காற்றைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்கு அமுக்குவது) என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஒரு சிலிண்டரில் மிஞ்சும் இடம் சுமார் 55 மில்லிதான். அதைவிட அதிகமாகத் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வர வழியில்லை, ஆனால் மற்ற சிலிண்டர்களும் ஃப்ளைவீலும் தள்ளுவதை நிறுத்தாது, பிஸ்டனைத் தாங்கித் தள்ளுகிற கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஹைட்ரோலாக் என்பது இதுதான். டீசலில் கம்ப்ரஷன் அதிகம், அதனால் மிஞ்சும் இடம் இன்னும் குறைவு.

முதல் தவறு, ஃபில்டர் எந்த உயரத்தில் உட்காரும் என்று பார்க்காமலே வாங்குவது. குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காக நீளமான பைப் வைத்து ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், கீழே கொண்டுபோய் வைக்கிற கிட்கள்தான் ஆபத்தானவை. ஒரு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து ஃபில்டரின் அடிப்பகுதி வரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரம்கூட நிற்கிற தண்ணீரின் அளவுதான், கார் ஓடும்போது முன்னால் எழும்புகிற அலை அதைத் தாண்டி வரும். சில கிட்களில் கீழ்ப் பைப்பைக் கழற்றிவிட்டு ஃபில்டரை மேலேயே மாட்டலாம். மழைக்காலம் முழுக்க அப்படி ஓட்டுங்கள். சூடான காற்றை இழுக்கும்தான், போகட்டும்.

"பைப் மேல்நோக்கித்தானே போகிறது, தண்ணீர் எப்படி ஏறும்?" என்று கேட்பவர்கள் இன்ஜின் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஃபில்டர் முழுக்க மூழ்கிவிட்டால் இரண்டு மூன்று அடி ஏற்றம் அதற்குப் பொருட்டே இல்லை. தண்ணீருக்குள் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வேகமாகக் கடப்பதும் இதே காரணத்தால் தவறு: அலையும் பெரிதாகும், உறிஞ்சலும் கூடும்.

அடுத்தது, ஃபில்டருக்கு மேல் மாட்டுகிற தண்ணீர் விலக்கும் துணி உறை. துளிகளைத் தடுக்க அது நல்ல பொருள், ஆனால் மூழ்கினால் ஒன்றும் செய்யாது. அதை நம்பிக் குளத்தில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பைப்பின் நடுவில் மாட்டுகிற பைபாஸ் வால்வு அதைவிட நல்லது, ஃபில்டர் மூழ்கும்போது அது திறந்து மேலிருந்து காற்று கொடுக்கும். ஆனால் அந்த வால்வே தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் பயன். டர்போ இன்ஜினுக்கு இது பொதுவாகச் சரிப்படாது. பிளாஸ்டிக் கவர் சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காற்றே போகாது.

பைப்பை மாட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் லைனரை வெட்டியோ கழற்றியோ விடுவது நிறைய நடக்கிறது. டயர் வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீர் நேராக ஃபில்டரில் விழாமல் தடுப்பதே அதுதான், திரும்ப மாட்டிவிடுங்கள். தண்ணீர் வடியட்டும் என்று ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பைப்பில் ஓட்டை போடுவதும் வேண்டாம், வடிகட்டாத தூசி அந்த வழியாக உள்ளே போகும். ஓட்டை தேவையென்றால் ஃபில்டரைச் சுற்றியுள்ள பெட்டியின் அடியில் போடலாம். இன்ஜின் பக்கம் பிரஷர் வாஷ் அடிக்கும்போது ஃபில்டரை மூடிக்கொள்ளுங்கள், முடிந்ததும் மூடியதை எடுக்க மறக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால், திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அதுவரை தப்பியிருந்த ராட்கூட ஸ்டார்ட்டர் சுற்றும்போது வளையலாம். தள்ளி வெளியே கொண்டுவந்து ஃபில்டரைப் பாருங்கள். உள்பக்கமும் பைப்பும் ஈரமாக இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் மாற்றியாக வேண்டும். அப்புறம் வண்டி நன்றாக ஓடினாலும் ஒருமுறை கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளப்பது) எடுத்துவிடுங்கள், லேசாக வளைந்த ராட் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் ஓடிவிட்டு அப்புறம் உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடலாம்.