படகுக்கு ஒரு வரி: பைத்தானில் லிஸ்டுக்குள் லிஸ்டை அச்சிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் ஊரில் என் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். அதனால் பைத்தான் என்ற நிரல்மொழியில் லிஸ்டுக்குள் லிஸ்ட், அதாவது பட்டியலுக்குள் பட்டியல், என்றாலே நான் படகுக் கணக்கைத்தான் எடுப்பேன். வெளி லிஸ்ட் கரை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு லிஸ்டும் ஒரு படகு. முதல் படகில் சூடை, நெத்திலி, கணவாய். இரண்டாவதில் நண்டு மட்டும். மூன்றாவதில் சீலா, இறால். ஏலம் விடுகிறவர் படகு படகாகத்தான் வாசிப்பார். நமக்கும் படகுக்கு ஒரு வரி வேண்டும்.

மொத்த லிஸ்டையும் திரையில் காட்டும் பிரிண்ட் (print) கட்டளைக்குள் போட்டால் சதுர அடைப்பு, மேற்கோள் குறி, காற்புள்ளி எல்லாம் ஒரே வரியில் வந்து விழும். படகு படகாக எடுத்துத் தரும் ஒரு ஃபார் லூப் (for) வைத்தால் வரி பிரியும், அடைப்பு போகாது. அதைப் போக்க உள்ளே இன்னொரு லூப் போடுவார்கள். இப்போது மீனுக்கு ஒரு வரி ஆகிவிடும், ஏனென்றால் பிரிண்ட் ஒவ்வொரு முறையும் முடிவில் அடுத்த வரிக்குத் தாவும். சரி என்று, முடிவில் எது வர வேண்டும் எனச் சொல்லும் எண்ட் (end) என்பதற்கு ஓர் இடைவெளியைக் கொடுத்தால் எல்லாப் படகும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும். உள் லூப் முடிந்த பிறகு, வெளி லூப்புக்குள்ளேயே, வெறும் பிரிண்ட் ஒன்று வேண்டும். ஒரு படி உள்ளே தள்ளி எழுதினாலும் ஒரு படி வெளியே எடுத்தாலும் கணக்குக் கெட்டுவிடும்.

இத்தனை பாடே வேண்டாம். வெளி லூப் ஒன்று போதும். பிரிண்டின் அடைப்புக்குள் லூப் ஒவ்வொரு முறையும் எடுத்துத் தரும் படகு என்ற மாறிக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி (*) போடுங்கள். அது லிஸ்டைப் பிரித்துக் கொட்டிவிடும்.

என்னை அதிகம் வருத்தும் தவறு இனிமேல்தான். ஒரே சரக்குதானே என்று இரண்டாவது படகை லிஸ்டாக எழுதாமல் வெறும் 'நண்டு' என்று எழுதிவிடுவார்கள். பைத்தானின் கணக்கில் ஒரு சொல்லும் பிரிக்கத்தக்கதே. நட்சத்திரம் அதையும் உடைக்கும்: ந, ண, புள்ளி, ட, உகரக் கொக்கி என்று ஐந்து துண்டு. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிக்கோடில் ஐந்து குறியீடு. திரையில் புள்ளியும் கொக்கியும் கழன்று நிற்பதைப் பார்த்த பிள்ளைகள் ஃபான்ட் கெட்டுவிட்டது என்று அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஃபான்டில் குற்றமில்லை. ஒற்றைச் சரக்கையும் சதுர அடைப்புக்குள் வையுங்கள்.

இதே காரணத்தால்தான் சொல்லுக்குப் பின் இடைவெளி நிரப்பி அகலத்தைச் சமமாக்கும் எல்ஜஸ்ட் (ljust) வைத்துத் தமிழ் நெடுவரிசைகளை நேராக்க முடியாது. நெத்திலியை அது எட்டு என்று எண்ணும். பிரிண்டில் துண்டுகளுக்கு இடையே வரும் குறியைச் சொல்லும் செப் (sep) என்பதற்கு ஒரு செங்குத்துக் கோட்டைக் கொடுத்துப் பிரித்துவிடுவதே எனக்குத் திருப்தி.

முதல் படகின் எண்ணிக்கையை வைத்து எல்லாப் படகுக்கும் 0, 1, 2 என்று இட எண்ணை ஓட்டாதீர்கள்; பைத்தான் 0-விலிருந்து எண்ணும். இரண்டாவது படகில் 1 வந்ததுமே, அந்த இடமே இல்லை என்று இண்டெக்ஸ் எரர். மீனோடு எடையையும் சேர்த்து, துண்டுகளை ஒரே சொல்லாக ஒட்டும் ஜாயின் (join) செய்கிறவர்கள், எண்களை முதலில் எஸ்டிஆர் (str) கொண்டு சொல்லாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வகை பொருந்தவில்லை என்று டைப் எரர் வரும். நட்சத்திர வழியில் அந்தச் சிக்கலும் இல்லை.