நெடுந்தீவு போகிறவர்கள் மதில்களையும் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் 776 இலக்க பஸ் எடுத்தால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறையில் இறக்கிவிடும். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். காலையிலேயே போய்விடுங்கள். நயினாதீவுப் படகும் அதே துறையில்தான் நிற்கும், கேட்டுவிட்டு ஏறுங்கள். மாவிலித் துறையில் இறங்கிய உடனேயே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று விசாரித்து வையுங்கள்.

துறையில் ஓட்டோவும், பட்டா என்கிற சின்ன லொறியும் நிற்கும். கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம் (பாவோபாப்), கட்டாக்காலிக் குதிரைகள் என்று ஒரே ஓட்டமாகக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அரை நாளுக்கு வாடகை பேசி, கேட்ட இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஏனென்றால் தீவின் உண்மையான கட்டடக்கலை வழி நெடுகத்தான் இருக்கிறது.

மற்ற ஊர்களில் கிடுகு வேலி, பனைமட்டை வேலி. இங்கே முருகைக்கல் மதில். சாந்து கிடையாது. பெரிய கல்லை அடியில் வைத்து, இடுக்குகளில் சின்னக் கல்லைச் செருகி, ஒன்றை ஒன்று தாங்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். கல்லின் இடைவெளிகளால் காற்றுப் புகுந்து போய்விடும். கிட்டப் போய்ப் பாருங்கள்: ஒரு கல்லில் பூப்பூவாகக் குழிகள், பக்கத்துக் கல்லில் வளைந்து வளைந்து ஓடும் வரிகள். ஒரு காலத்தில் உயிரோடிருந்த பவளம் அது.

கோட்டையும் அதே கல்தான், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்தார்கள் என்பார்கள். இரண்டு தட்டுக் கட்டடம், இப்போது கூரையில்லை. சுவரில் ஏறிப் படம் எடுக்க வேண்டாம், கல் கழன்று வரும். புறாக்கூடு ஒரு தூணின் மேல் பொந்து பொந்தாக நிற்கிறது. குதிரைகளைத் தூர நின்றே பாருங்கள்.

1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கு இங்கே நினைவிடம் இருக்கிறது. அங்கும் கொஞ்ச நேரம் நில்லுங்கள், செல்ஃபி வேண்டாம்.

தொப்பி, குடிதண்ணீர், சில்லறைக் காசு கட்டாயம். நல்ல தண்ணீர் இங்கே அருமை, சனத்தின் கிணற்றை நம்பிப் போகாதீர்கள். முருகைக்கல் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். வளவுக்குள் போவதென்றால் படலையில் நின்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிற உங்களுக்கு லீவு கிடைப்பது பெரும்பாலும் யூலை, ஆகஸ்டில்தான். அது தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம், படகு நன்றாக ஆடும். வயதான அம்மா, அப்பாவோடு வருவதென்றால், முடிந்தால் தை, மாசியில் வாருங்கள். மாரி மழை ஓய்ந்து புல்லும் பச்சையாக இருக்கும், குதிரைகளும் கொழுத்திருக்கும்.