காட்டரி பிளேட்டை எங்கே, எப்படி ஒட்டுவது

ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளின் கண்ணெல்லாம், டாக்டர் கையிலிருக்கும் காட்டரி பென்சில் மேலேயே இருக்கும். கரண்ட் சூட்டால் சதையை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி அது. தொட்டதும் புகை வருகிறது, ரத்தம் நிற்கிறது. பார்க்க ஆச்சரியமாகத்தான் இருக்கும். கும்பகோணத்தில் தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் நான் அவர்களுக்கு முதலில் காட்டுவது நோயாளியின் தொடையில் ஒட்டும் பிளேட்டை. காட்டரியால் வரக்கூடாத இடத்தில் சூட்டுக் காயம் வந்தால், பெரும்பாலும் அது பச்சைத் துணிக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் வருகிறது. மயக்கத்தில் இருப்பவரால் "சுடுதும்மா" என்று சொல்ல முடியாது. அவருக்காகப் பார்க்க வேண்டியது நாம்தான்.

மெஷின் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். காட்டரி மெஷின் அதை 3 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றித் தருகிறது. 1 லட்சத்தைத் தாண்டிவிட்டால் நரம்பும் தசையும் அந்த கரண்டுக்குத் துள்ளாது, சூடு மட்டும்தான் உண்டாகும். பென்சில் முனை நெருங்கிய இடத்தில் செல்லுக்குள் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டிச் சட்டென்று ஆவியானால் திசு வெட்டுப்படும். 60 டிகிரிக்கு மேல் நிதானமாகச் சூடேறினால் புரதம் உறைந்து ரத்தக்குழாயின் வாய் அடைபடும். மஞ்சள் பெடல் வெட்டுவதற்கு, நீலப் பெடல் ரத்தத்தை நிறுத்துவதற்கு. 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர், வில்லியம் போவி உருவாக்கிய கருவியை ஆபரேஷனில் பயன்படுத்தினார். இன்று நம் தியேட்டரில் இருப்பதும் அதன் வழியில் வந்ததுதான்.

உள்ளே போன கரண்ட் வெளியே வந்தாக வேண்டும். அதற்குத்தான் பிளேட். மடை வாயில் சீறிப் பாயும் தண்ணீர் வயலில் பரவியதும் நாற்றைக்கூட அசைக்காமல் நிற்கிறதே, அப்படித்தான் இதுவும். பென்சில் முனையில் குவிந்த கரண்ட் பிளேட் முழுக்கப் பரவி வெளியேறினால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. பிளேட் பாதி பெயர்ந்துவிட்டால் மிச்சம் ஒட்டிய பாதியில் அதே கரண்ட் குவியும். அப்போது அங்கே தோல் சூடேறுவது இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலமே வார்டில் வேலை தொடங்கிவிடும். உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாம் கழற்றப்பட வேண்டும். பாபநாசம், திருவிடைமருதூர், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வரும் ஆண்களிடம் வெள்ளி அரைஞாணும் காப்பும் இருக்கும். அம்மாக்களிடம் மூக்குத்தி, மெட்டி, தாலி. தாலி விஷயத்தில் "கழட்டுங்க" என்று வார்டு நடுவில் நின்று உத்தரவு போடாதீர்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, மஞ்சள் கிழங்கு முடிந்த மஞ்சள் கயிற்றை முதலில் கழுத்தில் கட்டச் சொல்லுங்கள். அப்புறம் தங்கம் தானாகக் கழன்று வரும். அந்த அம்மா பயமில்லாமல் தியேட்டருக்கு வருவதற்கு இந்தப் பத்து நிமிடம் பெரிய உதவி.

நடவு சேற்றில் நின்று நின்று காய்த்த விரலில் மெட்டி அசையவே அசையாது. இழுத்துப் புண்ணாக்க வேண்டாம். தடித்த சில்க் நூலின் ஒரு முனையை மெட்டிக்கு அடியில் நுழைத்துப் பாதத்தின் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி நூலை மெட்டியை ஒட்டி ஆரம்பித்து நகத்தை நோக்கி இடைவெளி இல்லாமல் இறுக்கமாகச் சுற்றுங்கள். வீங்கிய சதை அமுங்கும். மேலே கொஞ்சம் ஜெல்லி தடவி, பாதத்தின் பக்கமுள்ள முனையை நகத்தை நோக்கி இழுத்து அவிழ்த்துக்கொண்டே வந்தால், ஒவ்வொரு சுற்றாக மெட்டியும் நகர்ந்து வரும். அப்படியும் வராவிட்டால் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு வெட்டி எடுக்கலாம். கழற்றாமல் நகையின் மேலே பிளாஸ்டர் ஒட்டினால் அது தொலையாது, அவ்வளவுதான். சூட்டுக் காயத்துக்கு அது காப்பு இல்லை.

"கரண்ட் வச்சு அறுப்பாங்களாமே, ஷாக் அடிக்குமா தாயி?" என்று பாட்டிகள் கேட்பார்கள். "இந்த கரண்ட் ஷாக் அடிக்காது பாட்டி, ரத்தம் வீணாகாம இருக்கத்தான்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

இப்போது பிளேட். ஆபரேஷன் நடக்கும் இடத்துக்குப் பக்கமாக, சதைப்பற்றுள்ள இடம் வேண்டும். தொடை நல்லது, கெண்டைக்காலும் சரி. எலும்பு துருத்தும் இடம், பழைய தழும்பு, பச்சை குத்திய இடம் கூடாது. வயதான பெண்களின் கை கால்களில் பச்சை நிறையவே இருக்கும், பார்த்து ஒட்டுங்கள். டூவீலர் விபத்தில் ராடு வைத்த தொடையைத் தவிர்த்து அடுத்த காலுக்குப் போங்கள். கும்பகோணம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர் போன ஊர். பழைய வீக்கத்தோடு வரும் பெரியவர்கள் இன்னும் உண்டு. தடித்த அந்தத் தோலில் பிளேட் ஒட்டாது, கரண்டும் சீராகப் போகாது. முடி இருந்தால் கிளிப்பரால் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிளேட்டின் நீளமான ஓரம் ஆபரேஷன் பக்கம் பார்க்கட்டும். ஒரு ஓரத்திலிருந்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே ஒட்டினால் காற்று உள்ளே தங்காது. ஒட்டியதைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டக் கூடாது, புதிது எடுங்கள். பெரியது என்று கத்தரியால் நறுக்குவது அதைவிட மோசம்.

இரண்டு பாகமாகப் பிரிந்த பிளேட் என்றால் தொடர்பு குறைந்ததும் மெஷின் கத்தும். அந்த அலாரத்தை யாரும் அலட்சியம் செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. சில இடங்களில் இன்னும் ஜெல்லி தடவி வைக்கும் எஃகு பிளேட் இருக்கிறது. அதில் இந்தக் காவல் இல்லை. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தால் கையை உள்ளே விட்டு நீங்களே பார்த்தாக வேண்டும். வேறு ஊரில் ஆபரேஷன் முடித்துவந்த ஒரு அம்மாவுக்குப் பிட்டத்தில் இருந்த புண்ணைப் படுக்கைப் புண் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். ஓரம் நேர்கோடாக, பிளேட்டின் விளிம்பு வடிவத்திலேயே இருந்தது. ஆற மாதக்கணக்கில் ஆனது.

அடுத்தது ஸ்பிரிட். ஸ்பிரிட் கலந்த மருந்தால் துடைத்தால் குறைந்தது 3 நிமிடம் காயவேண்டும், அதற்கு முன் துணி போர்த்தக் கூடாது. தொப்புளிலும் முதுகுக்கு அடியிலும் தேங்கியதை ஒற்றி எடுங்கள். அவசர சிசேரியனில் இந்த 3 நிமிடம் மிக நீளமாகத் தெரியும். அவ்வளவு நேரம் இல்லை என்றால் ஸ்பிரிட் கலக்காத பீட்டாடினைக் கேளுங்கள். காட்டரிப் பொறியில் ஸ்பிரிட் பற்றிக்கொண்டால், அந்தத் தீ தியேட்டர் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தெரியும்போது துணி பிடித்திருக்கும். முகம், கழுத்து ஆபரேஷனில் ஆக்ஸிஜன் திறந்து ஓடினால், பெடலை மிதிக்கும் முன் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் நடுவில் டாக்டர் "பவரைக் கூட்டுங்க சிஸ்டர்" என்பார். வழக்கமான பவரில் வேலை செய்யவில்லை என்றால், கை குமிழுக்குப் போவதற்கு முன் கண் பிளேட்டுக்குப் போக வேண்டும். பிளேட் பெயர்ந்திருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம், முனையில் கருகல் படிந்திருக்கலாம். கருகலைத் துடைத்தாலே பாதி நேரம் சரியாகிவிடும். "பிளேட் பார்த்துட்டுக் கூட்டறேன் சார்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், மெஷினில் பழைய அளவே இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பயன்படுத்தாத நேரத்தில் பென்சில் பிளாஸ்டிக் உறையில் இருக்க வேண்டும், நோயாளியின் வயிற்றின் மேல் இல்லை. வயரை இரும்பு கிளிப்பில் சுற்றி மாட்டக் கூடாது.

பைபோலார் என்பது இரண்டு முனையுள்ள காட்டரி. அதில் கரண்ட் அந்த முனைகளுக்கு நடுவிலேயே ஓடும், பிளேட் வேண்டாம். சுன்னத்துக்கும் விரல் ஆபரேஷனுக்கும் அதுதான் சரி. மெலிந்த உறுப்பில் மோனோபோலார், அதாவது பிளேட் ஒட்டிச் செய்யும் காட்டரி, வைத்தால் அடிப்பகுதியில் கரண்ட் குவிந்து உறுப்பே கருகிப்போகலாம். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் முடிந்தவரை பைபோலார். வெட்டி ரத்தத்தை நிறுத்தும் இன்னொரு கருவியான ஹார்மோனிக் அதிர்வால் சூடாகிறது, பெடலை விட்ட பிறகும் அதன் நுனி சுடும்.

புகையைச் சாதாரண மாஸ்க் தடுக்காது. அதில் பென்சீன், ஹைட்ரஜன் சயனைடு எல்லாம் உண்டு. சக்ஷன் குழாயை முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் பிடிக்கச் சொல்லுங்கள். நம் நுரையீரலும் முக்கியம்.

முடிந்ததும் பிளேட்டை வெடுக்கென்று இழுக்காமல், ஒரு கையால் தோலை அமுக்கிக்கொண்டு மெதுவாக உரியுங்கள். வயதானவர்களின் தோல் கூடவே வந்துவிடும். லேசான சிவப்பு சீக்கிரம் மறைந்தால் கவலையில்லை. வெளுத்தோ கருத்தோ கொப்புளித்தோ இருந்தால், டாக்டர் கையுறையைக் கழற்றும் முன்பே கூப்பிட்டுக் காட்டுங்கள். குதிகால், முழங்கை, முதுகு என்று மேசையில் பட்ட இடங்களையும் பார்த்துவிட்டு, பிளேட் எந்தக் காலில் இருந்தது, தோல் முன்பும் பின்பும் எப்படி இருந்தது, பவர் எவ்வளவு என்று ரிஜிஸ்டரில் எழுதுங்கள். வார்டு சிஸ்டரிடம் ஒப்படைக்கும்போது அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, ராத்திரி ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.