ஸீப்ரா பிளெக்கோ வளர்க்க: சூடும் வேண்டும், ஓட்டமும் வேண்டும்

கண்ணாடியில் படியும் பாசியைத் துடைக்க ஒரு மீன் வேண்டுமென்றால், கறுப்பு வெள்ளை வரி போட்ட இந்த ஸீப்ரா பிளெக்கோ பக்கம் வராதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கிறார்களே சக்கர் மீன், அதன் உறவுதான் இது. ஆனால் பாசியைச் சீண்டாது. புழு, இறால் என்று கவுச்சிதான் கேட்கும்.

இயற்கையில் இது இருப்பது பிரேசிலின் ஷிங்கு ஆற்றில், அதுவும் அதன் பெரிய வளைவையொட்டிய பகுதியில் மட்டும். பெலோ மோன்டே அணை வந்த பிறகு அந்த வளைவுக்குப் போகும் தண்ணீர் குறைந்துவிட்டது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டிஸ். 2022-இல் அதன் மாநாடு, ஆற்றில் பிடித்த மீனின் வியாபாரத்துக்குப் பூஜ்ய ஒதுக்கீடு, அதாவது ஒன்றுகூட விற்கக்கூடாது, என்று முடிவெடுத்தது. ஆகவே தொட்டியிலேயே முட்டையிலிருந்து வந்து வளர்ந்த மீன்தானா என்று கேளுங்கள், அதற்கான காகிதத்தையும் பாருங்கள். வாங்கும்போது வயிற்றையும் கவனியுங்கள். உள்ளே ஒட்டிப்போயிருந்தால் எவ்வளவு அழகான வரி என்றாலும் வேண்டாம்.

தண்ணீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். இதுவோ பாறை இடுக்கில், வேகமான ஓட்டத்தில் வாழ்ந்து பழகிய மீன். வெறும் ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் மூச்சுத் திணறும். ஃபில்டர் போக ஒரு பவர்ஹெட் (தண்ணீருக்குள் ஓட்டம் உண்டாக்கும் சின்ன பம்ப்) வைத்து, தண்ணீரின் மேல்பரப்பு எப்போதும் கலங்கும்படி திருப்பிவிடுங்கள். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். செவுள் படபடவென்று அடித்தால் முதலில் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

தொட்டி உயரத்தைவிட நீளம் முக்கியம். ஆறு மீனுக்கு மூன்றடி போதும். அடியில் மணல், மேலே கற்கள். ஒரு பக்கம் மூடிய மண்குழாய்கள் மீன் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சண்டை. பிஎச் ஆறரையிலிருந்து ஏழரைக்குள், வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றம். மற்றபடி எல்லா மீனுக்கும் சொல்வதுதான்: தொட்டித் தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை மீனை விடாதீர்கள்.

தீனியை விளக்கு அணைத்த பிறகு போடுங்கள். உறைந்த ரத்தப்புழு, பொடியாக நறுக்கிய இறால், மூழ்கும் பெல்லட், மாற்றி மாற்றி. பாய்ந்து தின்னும் மீன்களோடு விட்டால் இந்தக் கூச்சக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. இது சேர்ந்த ஹைபன்சிஸ்ட்ரஸ் என்ற பேரினத்து வேறு பிளெக்கோவும் கூடாது. கலந்து குஞ்சு வந்துவிட்டால், அப்புறம் அசல் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆணுக்குத் தலை அகலம். கன்னத்திலும் பக்கத் துடுப்பின் முதல் முள்ளிலும் சொரசொரவென்று முள்மயிர் இருக்கும். பெண்ணைக் குழாய்க்குள் அடைத்துவைத்து முட்டையிட வைப்பதும் ஆண்தான், காவல் காப்பதும் ஆண்தான். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டை. சுமார் ஒரு வாரத்தில் பொரியும். குஞ்சுகள் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பையைக் கரைத்து முடிக்கும் வரை தீனி வேண்டாம். பிறகு அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த பிரைன் ஷ்ரிம்ப் (உப்புநீரில் வளரும் பொடி இறால் வகை) கொடுங்கள். குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்க ஆசை வரும். அடிக்கடி தொந்தரவு செய்தால் தகப்பன் முட்டைகளை வெளியே தள்ளிவிடும்.