முதல் கடலோரக் கப்பல் பயணம்: பதிவு செய்வதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆட்களைத் திரட்டிச் சுற்றுலாவுக்கு அனுப்புவது என் தொழில். திருப்பதி, காசி, அந்தமான் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு கப்பலையும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் அதுவரை கடலை மெரினாவிலோ மாமல்லபுரத்திலோ நின்று பார்த்தவர்கள்; அவர்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனமோ அதற்கு முன் பெயர்கூடக் கேள்விப்படாதது. தொடக்கத்தில் எங்களைப் போன்ற ஏற்பாட்டாளர்களே செய்து பணத்தை இழந்த பிழைகளை, இன்று கைப்பேசியில் தாமே பதிவு செய்துகொள்ளும் குடும்பங்கள் ஒன்று விடாமல் திரும்பச் செய்கின்றன. அடையாள அட்டையை மறக்காதீர்கள், பெட்டியைக் குறைத்துக் கட்டுங்கள் என்பனவற்றை எந்தப் பயணத்துக்கும் எவரும் சொல்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கப்பலை விசாரிக்காமல் நிறுவனத்தை மட்டும் விசாரிப்பது

நிறுவனம் புதியது என்பதால் கப்பலும் புதியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையிலிருந்து ஓடிய கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல், 1990-ஆம் ஆண்டு ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்தின் சேவைக்கு வந்து, இடையில் கையும் பெயரும் மாறி இந்தியாவுக்கு வந்த கப்பல். பழையது என்பதாலேயே ஒரு கப்பல் மோசமாகிவிடாது. ஆனால் அந்தக் காலத்தில் கட்டப்பட்டவற்றில் பால்கனி உள்ள அறைகள் குறைவாகவும் உள் அறைகள் சிறியவையாகவும் இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல்படுக்கைதான் கிடைக்கும் என்பதும், அதில் ஏறப்போவது மூட்டுவலிக்கார அத்தைதான் என்பதும் அறைக்குள் நுழைந்த பிறகு தெரிந்து பயனில்லை.

ஒவ்வொரு பயணிகள் கப்பலுக்கும் ஐ.எம்.ஓ. எண் என்ற ஏழு இலக்க எண் உண்டு. உரிமையாளர் மாறினாலும் பெயர் மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. அதைக் கொண்டோ பழைய பெயரைக் கொண்டோ தேடினால் கப்பலின் தள வரைபடமும், அதில் ஏற்கெனவே பயணம் செய்தவர்கள் எழுதியவையும் கிடைத்துவிடும்.

நிறுவனத்தைப் பற்றி விசாரிக்க வேண்டியது வேறொன்று: நீங்கள் ஏறும் நாள்வரை அது நிலைத்திருக்குமா என்பதே அது. 2019-இல் மும்பையில் தொடங்கப்பட்ட ஜலேஷ் என்ற கப்பல் நிறுவனம், கொரோனா பரவிய 2020-லேயே மூடப்பட்டது. ஆகவே அறிமுகமில்லாத நிறுவனம் ஒன்று, முழுத் தொகையையும் பல மாதங்களுக்கு முன்பே கட்டினால் பெரிய தள்ளுபடி தருவதாகச் சொன்னால், அந்தத் தள்ளுபடியை வேண்டாமென்று விட்டுவிட்டு, முன்பணம் கட்டி மீதியைப் புறப்படும் தேதிக்கு நெருக்கத்தில் செலுத்த முடியுமா என்று கேட்பதே நல்லது.

விளம்பரத்தில் உள்ள தொகையை முழுக் கட்டணமாக எண்ணுவது

அந்தத் தொகை பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கானது. துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான டிப்ஸ், ஜி.எஸ்.டி. ஆகியவை அதன்மேல் ஏறும். தனியாகச் செல்பவர் அறையின் இரண்டாவது ஆளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். பணம் செலுத்தும் கடைசித் திரையில் வரும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

வழியில் உள்ள ஊரை நம்பிக் கப்பல் ஏறுவது

மற்ற தவறுகளைக் கேட்டால் சிரித்துக்கொண்டு திருத்திவிடுவேன். இதை மட்டும் இன்றுவரை பொறுமையோடு கேட்க முடிவதில்லை, ஏனெனில் பணமும் ஆசையும் ஒன்றாகக் கரையும் தவறு இது.

குடியாத்தத்துக் குடும்பம் ஒன்று. குலதெய்வம் சோளிங்கர் நரசிம்மர். வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயது நிறைவதை முன்னிட்டு அவரை விசாகப்பட்டினத்தை அடுத்த சிம்மாசலத்துக்கு அழைத்துப்போய்ப் பெருமாளைச் சேவிக்க வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் வெகுநாளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி, மறுபடியும் சென்னை என்று வழி போட்ட கப்பல் விளம்பரம் ஒன்று மருமகனின் கண்ணில் பட்டது. இறங்கி ஏறப் பகல் முழுவதும் நேரம் இருக்கிறது, துறைமுகத்திலிருந்து கோயிலும் அதிகத் தொலைவில்லை, கப்பலில் ஏறிய ஆசையும் தீரும் என்று கணக்குப் போட்டு, அவரே அனைவருக்கும் அறைகளைப் பதிவு செய்தார்; விசாகப்பட்டினத்தில் இரண்டு வேன்களுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினார்; ராஜமுந்திரியில் இருக்கும் சம்பந்தி வீட்டாரையும் அன்றைக்குக் கோயிலுக்கு வரச் சொல்லிவிட்டார். பயணம் ஆடி மாதத்தில். குடியாத்தத்தில் வானம் பளிச்சென்று இருந்தது, சென்னையிலும் அப்படியே. கப்பல் புறப்பட்ட இரவில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: வடக்கே கடல் கொந்தளிப்பாக இருப்பதால் கப்பல் விசாகப்பட்டினத்துக்குள் நுழையாது. மறுநாள் முழுவதும் கடலிலேயே கழிந்தது. சாப்பாட்டுக்கும் ஆட்டபாட்டத்துக்கும் குறைவில்லை. கோயிலில் காத்திருந்த சம்பந்தி வீட்டார் தாங்களே சேவித்துவிட்டுத் திரும்பினார்கள். வேன் பணம் போயிற்று. நிறுவனம் துறைமுகக் கட்டணத்தில் சிறு தொகையைக் கப்பலிலேயே செலவழிக்கும்படி வரவு வைத்தது. “பெருமாளைப் பார்க்கலாம்னு ஏத்திவிட்டாங்க சார், பெருமாள் படுத்திருக்கிற பாற்கடலைக் காட்டி இறக்கிவிட்டுட்டாங்க” என்று பெரியவர் என்னிடம் சொன்னபோது அவர் சிரித்தார், மருமகன் சிரிக்கவில்லை.

வழக்குப் போடலாமா என்று கேட்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். பதிவின்போது மருமகன் படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை எடுத்துப் பார்த்தேன். வானிலை, துறைமுக அனுமதி, பாதுகாப்பு ஆகிய காரணங்களால் எந்த ஊரையும் விட்டுவிடவோ வரிசையை மாற்றவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்றும், அதற்காகப் பயணக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்றும் தெளிவாகவே எழுதியிருந்தது. சொல் வேறுபடலாமே தவிர, இத்தகைய நிபந்தனை கப்பல் நிறுவனங்களில் வழக்கமானது. நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அறையும் உணவும் கடற்பயணமும்தான். ஊர், வாய்த்தால் உண்டு.

கப்பல் ஏன் நுழையவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் கோபம் சற்றுத் தணியும். பெரிய கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் தன் விருப்பப்படி நுழைய முடியாது. அந்தத் துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமி சிறு படகில் வெளிக்கடலுக்கு வந்து, நகர்ந்துகொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பற்றி ஏறி, பிறகுதான் கப்பலை உள்ளே நடத்திச் செல்வார். அலை உயர்ந்தால் அந்த ஏணியில் அவர் கால் வைக்க முடியாது. கப்பல் தாங்கக்கூடிய அலையை அந்தப் படகு தாங்காது. எனவேதான், நடுக்கடலில் கப்பல் குலுங்காமல் ஓடிக்கொண்டிருக்க, துறைமுகம் மட்டும் கைக்கெட்டாமல் போகிறது.

இதில் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வட ஆர்க்காட்டில் இருப்பவர்களுக்குப் புயல் என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். 2023 டிசம்பரில் வந்த ‘மிக்ஜாம்’, 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ‘ஃபெஞ்சல்’ ஆகியவையே நினைவுக்கு வரும். ஆனால் தென்மேற்குப் பருவக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள் வங்கக் கடலின் வடபாகத்தில், ஒடிசா, ஆந்திரக் கரைகளை ஒட்டி உருவாகின்றன. நம் தலைக்குமேல் வெயில் காயும்போதே கப்பல் போகும் திசையில் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே பார்க்க வேண்டியது நம் ஊர் வானிலையை அல்ல. வழியில் உள்ள துறைமுகங்களில் எத்தனையாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை.

வானிலை மட்டுமே காரணம் என்றும் எண்ண வேண்டாம். 2022 ஜூனில், சென்னையிலிருந்து கப்பல் ஓடத் தொடங்கிய அந்தத் தொடக்க நாட்களிலேயே, அரசின் அனுமதி கிடைக்காததால் புதுச்சேரியில் பயணிகளை இறக்க முடியாமல் போனது செய்தித்தாள்களில் வந்தது. புதிய நிறுவனம், புதிய வழித்தடம் என்றால் இத்தகைய அனுமதிச் சிக்கல்களுக்கும் இடம் அதிகம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேளுங்கள்: இந்த வழித்தடத்தில் இதுவரை கப்பல் ஓடியிருக்கிறதா, ஊர் விடுபட்டால் துறைமுகக் கட்டணம் பணமாகத் திரும்புமா, கப்பலில் செலவழிக்கும் வரவாகத்தான் வருமா, கப்பல் துறைமுகக் கரையிலேயே வந்து நிற்குமா, வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குவார்களா. சிறு படகில் இறக்குவது என்றால், லேசான அலை போதும், அந்த ஊர் விடுபட்டுவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அலை இல்லாத நாளிலும் அது கடினம்.

கரையில் சுற்றுவதற்கு நிறுவனம் ஏற்பாடு செய்யும் பேருந்து விலை அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் ஊர் விடுபட்டால் அந்தப் பணம் பொதுவாகத் திரும்பிவிடும். அந்தப் பேருந்து நெரிசலில் சிக்கினாலும் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். நீங்களே பேசிய வேன் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. தனி வேன்தான் வேண்டும் என்றால், வந்து சேர்ந்த பிறகு பணம் தரும் முறையில் மட்டும் பேசுங்கள்.

சிம்மாசலம் போக வேண்டுமானால் காட்பாடியிலிருந்தே விசாகப்பட்டினத்துக்கு ரயில் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அடுத்த தை மாதத்தில் ரயிலில்தான் ஏற்பாடு செய்து கொடுத்தேன்.

புறப்படும் நேரத்தைப் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்புவது

பயணச்சீட்டில் உள்ளது கப்பல் நகரும் நேரம். பயணிகளைப் பதிவு செய்யும் முகப்பு அதற்கு வெகு முன்பே, பல நிறுவனங்களில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு முன்பே, மூடப்படும். அதற்கு முன் துறைமுக வாயிலில் சோதனை, பெட்டிகளை ஒப்படைத்தல், அடையாளச் சரிபார்ப்பு என்று வரிசைகள் உண்டு. வேலூரிலிருந்து சென்னைக்குச் சாலை வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து துறைமுகம் வரையிலான பகுதி மட்டும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் முந்தைய மாலையே சென்னைக்குச் சென்று, பாரிமுனைப் பக்கம் ஓர் அறையில் தங்குங்கள். கப்பலைத் தவறவிட்டவருக்குப் பணம் திரும்புவதில்லை. அடுத்த ஊரில் ஏறிக்கொள்கிறேன் என்பதையும் பெரும்பாலும் ஏற்பதில்லை.

கைப்பேசி

கரை மறைந்ததும் ஃபிளைட் மோடில் போடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் உங்கள் சிம் தானாக ஒட்டிக்கொண்டால் பில் கண்ணைப் பறிக்கும்.

வெளியிலிருந்து மது

அனுமதியில்லை. துணிக்குள் சுற்றி வைத்தாலும் ஸ்கேனரில் தெரியும்.

குமட்டல் வந்த பிறகு மாத்திரை தேடுவது

வாந்தி தொடங்கிய பின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. எந்த மாத்திரை, எவ்வளவு நேரம் முன்னதாக என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். அறையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. உயரத்தில், முன்முனையில் உள்ள அறைகளுக்கு அதிக விலை கொடுத்துவிட்டு இரவு முழுவதும் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை அறிவேன். கர்ப்பிணிகளை 24-ஆவது வாரத்திலிருந்து பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. குழந்தைகளுக்கும் குறைந்தபட்ச வயது உண்டு.

பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிப்பது

ஏறியவுடன் எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடுகிறார்கள். அவசரக் காலத்தில் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பயிற்சிக்கு வர முகம் சுளிக்கிறார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் ‘கோஸ்டா கான்கார்டியா’ கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்ற சர்வதேச விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் குழுவில் தமிழ் மட்டும் அறிந்தவர்கள் இருந்தால், அவர்கள் கூட வேண்டிய இடத்துக்கு அவர்களை ஒருமுறை நடத்திக் காட்டிவிட்டு வாருங்கள்.

இலங்கை வழியைக் கடைசி நேரத்தில் தேர்ந்தெடுப்பது

உள்நாட்டு வழி நிரம்பிவிட்டது என்று இலங்கைக்குச் செல்லும் பயணத்துக்கு மாறுகிறார்கள். வீட்டில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் இருக்காது, இருப்பவர்களுடையது சில மாதங்களில் காலாவதியாகும். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் முதலில் அதை முடித்துக்கொண்டு பிறகு அறையைப் பதிவு செய்யுங்கள்.

காகிதம் இல்லாமல் புகார் செய்வது

எல்லா இழப்புக்கும் நிபந்தனையைக் காரணம் காட்டி நிறுவனம் தப்பிவிட முடியாது. சொன்ன அறையைத் தராதது, ரத்து செய்த பயணத்துக்குப் பணத்தைத் திருப்பாமல் இழுத்தடிப்பது போன்றவை சேவைக் குறைபாடு. நிறுவனத்தின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். அதற்குப் பணம் கட்டிய ரசீது, அறையின் வகை குறித்த உறுதிச் சீட்டு, நிறுவனத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவை வேண்டும். இவற்றோடு, பணம் கட்டிய அன்று நிறுவனத்தின் தளத்தில் இருந்த நிபந்தனைகளையும் அச்செடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயணம் முடிந்து நீங்கள் தேடும்போது அதே பக்கத்தில் வேறு வாசகம் இருக்கக்கூடும்.