பூனைக்கு ஓட்டோ பீடர் வைக்கிற ஆக்கள் விடுற பிழைகள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் காலைல வேலைக்குப் போய் பின்னேரம் வாற ஆக்கள் இப்ப பூனைக்கு ஓட்டோ பீடர், அதாவது நேரத்துக்குத் தானாச் சாப்பாடு கொட்டுற மிஷின், வாங்கி வைக்கிறாங்க, நல்ல விசயம்தான். ஆனா வாங்கின அண்டே "இனிப் பூனைட சாப்பாட்டப் பத்தி யோசிக்கத் தேவல்ல" எண்டு விட்டுர்ராங்க பாருங்க, அங்கதான் பிழை தொடங்குது. மிஷின் நேரத்துக்குக் கொட்டும், அவ்வளவுதான். எவ்வளவு கொட்டணும், கொட்டினத பூனை திண்டுதா எண்டு பாக்கிறதெல்லாம் நம்மட வேலை.

முதல்ல அளவு. பீடர்ல 1 போர்ஷன், 2 போர்ஷன் எண்டு இருக்கும், அது கிராம் கணக்கு இல்ல, உள்ள இருக்கிற சில்லு ஒரு தரம் சுத்தினா விழுற அளவு. காஞ்ச சாப்பாடு சின்னக் கொட்டையா இருந்தா கூட விழும், பெரிய கொட்டையா இருந்தா குறைய விழும், அதால சாப்பாட்டு பிராண்ட மாத்தினா அளவும் மாறும். பத்துத் தரம் கொட்ட விட்டு சமையல் தராசில நிறுத்து பத்தால பிரிச்சுப் பாருங்க, அதுதான் உங்கட மிஷின்ட உண்மையான போர்ஷன். வீட்டுக்குள்ளயே இருக்கிற 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200இல இருந்து 250 கலோரி போதும், காஞ்ச சாப்பாடு 100 கிராமில 350இல இருந்து 400 கலோரி இருக்கு, அப்ப முழு நாளைக்கும் 50இல இருந்து 70 கிராமுக்குள்ளதான் வரும். கருத்தடை செஞ்ச பூனைக்கு இன்னும் குறைய. பக்கட்டுக்குப் பின்னால எடைக்கு ஏத்த அளவு போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க. ஒரு நாளைக்கு 10 கிராம் கூடப் போனாலே கிட்டத்தட்ட 40 கலோரி, அந்தச் சின்ன உடம்புக்கு அது பெரிய கணக்கு.

இதுக்கு மேல நம்மட வீடுகள்ல இன்னொண்டு நடக்கும். பீடர் ஒரு பக்கம் கொட்டும், அம்மம்மா மத்தியானம் சோத்தில மீன் பிசைஞ்சு வைப்பா, புள்ளைகள் பால் ஊத்துவாங்க, ஒருத்தர் குடுத்தது மத்தவருக்குத் தெரியாது. எல்லாத்தையும் சேத்துத்தான் கணக்குப் பாக்கணும். மீன் குடுக்கிறது பிழையில்ல, அவிச்சு முள்ளெடுத்து கொஞ்சமாக் குடுக்கலாம், ஆனா மீன் கறில கழுவி எடுத்துக் குடுக்காதீங்க, வெங்காயமும் உள்ளியும் பூனைட சிவப்பு இரத்த அணுவ உடைக்கும், கழுவினாலும் அந்தச் சாறு மீனுக்குள்ள ஊறித்தான் இருக்கும். சூரை, சாளை எண்டு கொழுப்பு மீனையே ஒவ்வொரு நாளும் குடுத்தா விட்டமின் ஈ குறைஞ்சு வருத்தம் வரும். வளந்த பூனைகள்ல கனதுக்கு பால் செரிக்காது, வயித்தால போகும். நாய்ச் சாப்பாட பீடர்ல போடுறதும் கூடாது, பூனைக்குத் தேவையான டோரின் எண்ட சத்து அதில காணாது, கண்ணும் இதயமும் பழுதாகும்.

எல்லாத்திலயும் பயங்கரமான பிழை, பூனை தின்னாம விட்டத கவனிக்காதது. கையால வச்ச காலத்தில "இண்டைக்கு ஏன் தொடல்ல" எண்டு உடனே தெரிஞ்சுது. பீடர் வந்த மறுகா போன்ல "சாப்பாடு குடுத்தாச்சு" எண்டு மெசேஜ் வரும், பூனை திண்டதா எண்டு அது சொல்லாது. பூனை, அதுவும் கொழுத்த பூனை, ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தா ஈரல்ல கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து வரும். ரெண்டு பூனை இருக்கிற வீட்டில இன்னும் கஷ்டம், தட்டு வெறுமையாத்தான் இருக்கும், ஆனா ஒண்டு ரெண்டு பங்கையும் திண்டுட்டு மத்தது பட்டினி கிடக்கும். ஒண்ட ஒண்டு காணாத இடத்தில ரெண்டு தட்டு வைங்க, மாசத்துக்கு ரெண்டு தரமாவது ஒவ்வொரு பூனையையும் தூக்கி நிறுத்துப் பாருங்க.

மறுகா கரண்ட். சில மிஷின் கரண்ட் போய் வந்தா மணிக்கூட்ட மறந்திரும், இரவு ரெண்டு மணிக்குக் கொட்டும். பெற்றரி போட்டிருந்தாலும் பிளக்கக் கழட்டி ஒரு நாள் ஓட விட்டுப் பாத்தாத்தான் நம்பலாம். நேர அட்டவணை மிஷினுக்குள்ளயே பதியிற மாதிரி இருக்கிறத வாங்குங்க, வைஃபை போனாலும் கொட்டும்.

மாரிக்க நம்மட பக்கத்து ஈரத்துக்கு காஞ்ச சாப்பாடு நமத்துப் போய் பீடர்ட வாயில அடைக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். டாங்கி நிறைய இருக்கு எண்டு ரெண்டு கிலோவையும் கொட்டாதீங்க, மூணு நாலு நாளைக்குப் போடுங்க, மிச்சத்த அந்தப் பக்கட்டோடயே இறுக்கிக் கட்டி வைங்க, பழசுக்கு மேல புதுசக் கொட்டாம துடைச்சுக் காய விட்டுப் போடுங்க. எறும்புக்குத் தட்டச் சுத்தித் தண்ணி வச்சாலும் வயரால ஏறி வரும், அதுக்காக எறும்புப் பவுடர் மட்டும் தூவிராதீங்க, கன பவுடர்ல பெர்மெத்ரின் இருக்கு, பூனைக்கு அது விசம்.

டின் சாப்பாட திறந்த தட்டில நேரம் வச்சுக் கொட்டுற வேலையும் வேணாம், இந்த வெக்கைக்கு ஒரு மணித்தியாலம் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல தாங்காது. காஞ்ச சாப்பாட்டில தண்ணி 10 வீதம் மட்டில்தான், அதால தண்ணிப் பாத்திரத்த பீடருக்குத் தள்ளி வேற ரெண்டு இடத்தில வைங்க.

ஆடி மாசம் உகந்தைப் பக்கத்தால கதிர்காமத்துக்கு நடந்து போற ஆக்கள், பீடர நம்பி வீட்டப் பூட்டிட்டுப் போகாதீங்க. பக்கத்து வீட்டில திறப்பக் குடுத்து ஒவ்வொரு நாளும் வந்து தண்ணி மாத்தி, பூனைய கண்ணால கண்டுட்டுப் போகச் சொல்லுங்க. தட்டில மிச்சம் கிடந்தா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஒரு நாள் முழுக்கத் தொடாம இருந்தா நீங்க வாற வரைக்கும் காத்திராம மிருக வைத்தியரிட்ட கொண்டு போகணும், அதுக்குப் பூனைக் கூடையையும் வைத்தியர்ட நம்பரையும் அவங்கட கையிலயே குடுத்துட்டுப் போங்க.